மச்சான் சாரின் ஊக்கத் திட்டங்கள்

உட்கார்ந்து சாப்பிடுவதும் ஒரு தொழில் என்றால், அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வாடிக்கையாளர்கள் உட்காரப் போட்டிருந்த முக்காலியில் அவர்களைவிட அதிக நேரம் தானே உட்கார்ந்திருந்ததற்காக வெளியே அனுப்பப்பட்டான். கூரியர் ஆபீசில் ஒரு பார்சலைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். உள்ளே இருந்தது கண்ணாடி விளக்கு. காப்பீடு விற்கப் போன வீட்டில், "உங்களுக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்கீங்க, ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்லிவிட்டு, கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தான். தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய வயதிலும் அக்கா வீட்டு மாடி அறைதான் அவனுடைய சாம்ராஜ்யம்.

அக்காவின் கணவர் ஒரு சலவைக் கூடத்துக்கு முதலாளி. ஓட்டல் படுக்கை விரிப்புகள், துண்டுகள், ஆஸ்பத்திரி அங்கிகள் எல்லாம் வேன் வேனாக வந்து இறங்கும். வெள்ளை வெளேர் என்று திரும்பிப் போகும். ஒருநாள் அங்கிருந்த மேற்பார்வையாளர், "உங்க துணியை நீங்களே தொவைச்சுக்குங்க" என்று கையுறையைக் கழற்றி முதலாளியின் மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சாப்பிடும்போது அக்கா பேச்சை எடுத்தாள்.

"வெளியாளைப் போட்டா திருடுவான். என் தம்பி திருட மாட்டான்."

"மாட்டான்தான். அதுக்கும் எழுந்து நடக்கணுமே" என்றார் அத்தான்.

இருந்தாலும் மனைவி சொல்லைத் தட்டி அந்த வீட்டில் எதுவும் வெந்ததில்லை. மறுநாளே அவன் மேனேஜர் ஆனான். முதலாளி எல்லார் எதிரிலும் அவனை "மச்சான்" என்றே கூப்பிட்டார். கூப்பிட வேறு பெயர் தெரியாத வேலைக்காரர்கள், மரியாதைக்கு ஒரு சாரைச் சேர்த்து "மச்சான் சார்" ஆக்கிவிட்டார்கள்.

கூடத்தின் முன்பக்கம் அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கும் இடம். அதை ஒட்டி, ஆள் உயரத்துக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் சலவை டிரம்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவருக்கு டிரம்காரர் என்று பெயர். பேச்சில் சிக்கனம், ஏப்பத்தில் தாராளம். நடு அறையில் நீராவியில் கொதிக்கும் நீண்ட இஸ்திரி ரோலர். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் அப்பளமாக வரும். அங்கே நிற்பவர்களும் சாயங்காலத்துக்குள் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆவார்கள். ரோலருக்கு ராணி ரோலரம்மா. அவள் வாய்க்குப் பயந்து ரோலரே ஒழுங்காகச் சுற்றுகிறது என்பார்கள். கடைசியில் மடிப்பு மேசை. அங்கே பெரும்பாலும் பெண்கள்.

மாடியில் முதலாளியின் அறை, குளிர்பதனம், அவருக்கென்று ஒரு கழிவறை. கீழே கொல்லைப்புறத்தில் வேலைக்காரர்களுக்கு ஒன்று. அதற்கு ஒரு பூட்டு. சாவி முதலாளியின் சாவிக்கொத்தில். எப்போதோ இரண்டு பேர் உள்ளே நின்று சிகரெட் பிடித்ததைப் பார்த்துவிட்டு அவர் செய்த ஏற்பாடு அது. வேண்டியவர்கள் மாடியேறி வந்து கேட்டு வாங்கிப் போகவேண்டும்.

"சாவி கேக்குற வெக்கத்துலயே பாதிப் பேர் வேலையைப் பாப்பான், மச்சான். இதுக்குப் பேர்தான் நிர்வாகம்" என்று அவர் சொன்னபோது அவனும் தலையாட்டினான். அவன்தான் மாடிக் கழிவறைக்குப் போகிறவனாயிற்றே.

மேனேஜர் ஆன புதிதில் அவன் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. சூடாக வந்து விழும் துண்டுக் குவியலுக்குப் பின்னால் நல்ல தூக்கம் வரும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்தான், அதோடு சரி. வினை, பயிற்சி முகாம் வடிவில் வந்தது. ஊழியர்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஒரு நட்சத்திர ஓட்டலில் வகுப்பு. அந்த ஓட்டலின் துணியும் இங்கேதான் வெளுக்கிறது என்பதால் அனுமதி இலவசம். இலவசம் என்றால் அத்தான் சுண்ணாம்பைக்கூட இரண்டு கையாலும் வாங்குவார். மச்சானை அனுப்பிவைத்தார்.

கோட்டு போட்ட பயிற்சியாளர் மேடையில் புலி மாதிரி அங்குமிங்கும் நடந்தார். மனிதன் காசுக்காக மட்டும் உழைப்பதில்லை, பாராட்டுக்காக உழைக்கிறான் என்றார். மனசு வைத்தால் முடியாதது உலகத்தில் இல்லை என்று எல்லாரையும் எழுந்து நின்று கத்தச் சொன்னார். மச்சான் சார் கத்தினான். வாழ்நாளில் முதல்முறையாக அவனுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. தான் இத்தனை காலம் சும்மா இருந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல, யாரும் சரியாக ஊக்குவிக்காததுதான் என்று அவனுக்குப் பட்டது. இதைவிட இனிப்பான செய்தியை அவன் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் காலை எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னான்.

"எதுக்கு சார்?" என்றாள் ரோலரம்மா.

"உங்களுக்கு நீங்களே தட்டிக்கிறது. உற்சாகம் வரும்."

"கொசு அடிக்கிற மாதிரி இருக்கு சார்."

தட்டினார்கள். டிரம்காரர் மட்டும் ஒரு கையில் சோப்புத் தூள் இருந்ததால், மறுகையால் பக்கத்தில் நின்றவர் முதுகில் தட்டினார்.

அடுத்தது, மாதத்தின் சிறந்த ஊழியர். ரோலரம்மாவைத் தேர்ந்தெடுத்து, அவள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்று முழுக்க அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே நின்றாள். மறுநாள் அவளுடைய மருமகனே வந்துவிட்டான்.

"யாரோ இங்க வந்துட்டுப் போனவங்க, உங்க மாமியார் படத்தைச் செவுத்துல மாட்டியிருக்காங்க, எப்ப தவறிப்போனாங்கன்னு கேக்குறாங்க சார். வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆளு வருது."

படம் இறங்கியது. இறங்கும்போது அதற்கு மீசையும் முளைத்திருந்தது.

மச்சான் சார் சளைக்கவில்லை. மடிப்பு மேசையில் இரண்டு அணி பிரித்துப் போட்டி வைத்தான். யார் வேகமாக மடித்துக் கட்டுகிறார்களோ அவர்களுக்குப் பெரிய சாக்லேட் பெட்டி. வேகம் வந்ததென்னவோ உண்மை. அந்த வேகத்தில் ஆஸ்பத்திரி மூட்டை ஓட்டலுக்கும், ஓட்டல் மூட்டை ஆஸ்பத்திரிக்கும் போனது. ஓட்டலில் ஒரு விருந்தாளி, குளித்துவிட்டு அறையில் இருந்த அங்கியை மாட்டிக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டார். ஆஸ்பத்திரி அங்கிக்குப் பின்பக்கம் கிடையாது, இரண்டு நாடாதான் உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது.

"மச்சான், நீ தூங்கிட்டே இருந்திருக்கலாம்" என்றார் அத்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான், வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், மடிப்பு மேசையில் வேலை செய்யும் ஒருத்தி மயங்கி விழுந்தாள். ஒல்லியான பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், சாக்லேட் பெட்டியை வென்ற அணியில் இருந்தவளும் அவள்தான். அவளைத் துண்டு மூட்டைமேல் சாய்த்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மச்சான் சார் ஓடிவந்து ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினான்.

"குடிம்மா."

"வேணாம் சார். வாயைக் கொப்பளிச்சுக்கிறேன், போதும்."

"அட, உள்ள முழுங்கும்மா. இந்தச் சூட்டுல நின்னுட்டுத் தண்ணி குடிக்கலன்னா எப்படி?"

அவள் ரோலரம்மாவைப் பார்த்தாள். ரோலரம்மா கூரையைப் பார்த்தாள். யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது. அது சிரிப்பில்லை என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை. உடம்பு சோர்ந்தாலும் மனசு சோரக்கூடாது என்று பயிற்சியில் கேட்ட பாடம் ஒன்றை அவளுக்கு எடுத்துச் சொன்னான். மயக்கம் தெளிந்தவள் கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.

கடைசித் திட்டம், கூட்டுச் சாப்பாடு. முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் சாப்பிட்டால் குடும்ப உணர்வு வரும் என்பது பயிற்சியாளர் வாக்கு. ஓட்டலில் முந்தின நாள் ஏதோ பெரிய விருந்து நடந்து, மீந்ததைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். வெண்ணெயும் பாலேடுமாக மிதக்கும் கோழிக் கறி, பெயர் தெரியாத கேக்குகள். அத்தான் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முதலாளி ஸ்தானத்தில் மச்சான் சாரே உட்கார்ந்தான்.

டிரம்காரர் பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்த்தார். மூடிவைத்தார். தன் சொந்தச் சோற்றுப் பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டார். அவர் மூக்குக்கு அந்தக் கூடத்தில் தனி மதிப்பு. எந்த விரிப்பில் என்ன கறை என்பதை எட்ட நின்றே சொல்வார். மற்றவர்களும் அவர் வழியே போனார்கள்.

"எல்லாரும் சாப்பிடுங்க! நம்மெல்லாம் ஒரு குடும்பம்!" என்றான் மச்சான் சார்.

"குடும்பத்துல பெரியவங்க முதல்ல சாப்பிடட்டும் சார்" என்றாள் ரோலரம்மா.

வேறு வழியில்லை. முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று ஒரு தட்டு சாப்பிட்டான். யாரும் அசையவில்லை என்பதால் இன்னொரு தட்டு. பிறகு கேக். வீறாப்புக்கு இன்னும் கொஞ்சம் கறி.

சாப்பாட்டு நேரம் முடிந்து ரோலர் சுற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மச்சான் சார் மாடிக்கு ஓடினான். முதலாளி அறை பூட்டியிருந்தது. கொல்லைப்புறத்துக்கு ஓடினான். அங்கேயும் பூட்டு. இரண்டு சாவியும் ஒரே கொத்தில், அந்தக் கொத்து அத்தானின் இடுப்பில், அத்தான் கல்யாணப் பந்தலில். போனைப் போட்டான்.

"அத்தான், சாவி!"

"என்ன சாவி? சத்தமா பேசு, இங்க மேளம்."

"பாத்ரூம் சாவி அத்தான்! அவசரம்!"

"நான் இப்பத்தான் பந்தியில உக்காந்தேன். சாயங்காலம் வந்துடுவேன். அதுவரைக்கும் அடக்கிக்க. மனசு வெச்சா முடியாதது இல்லன்னு நீதானே சொன்ன?"

போன் வைக்கப்பட்டது. அக்கம்பக்கத்தில் ஒரு பக்கம் டயர் கிடங்கு, இன்னொரு பக்கம் மதில். பெருந்தெரு வரைக்கும் நடக்க முடியுமா என்று தன் உடம்பைக் கேட்டான். உடம்பு, ஓரடி எடுத்துவைத்தால் நான் பொறுப்பில்லை என்றது. சுவரோடு சாய்ந்து, முகமெல்லாம் வேர்த்து, ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு அவன் நின்ற கோலத்தை எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நீங்கள்லாம்... என்ன பண்ணுவீங்க?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

ரோலரம்மாதான் பதில் சொன்னாள். கிண்டல் இல்லாமல், விலை சொல்வது மாதிரி சொன்னாள். "பொம்பளைங்க யாரும் காலையில தண்ணி குடிக்கிறதில்ல சார். இங்க வந்தும் குடிக்கிறதில்ல. வீட்டுக்குப் போய்த்தான். நாங்க மாடியேறி வந்து ஐயா முன்னாடி நின்னு சாவி கேட்டா, 'இப்பத்தானே போன'ம்பாரு. அதைக் கேக்குறதுக்கு மயங்கி விழுறது தேவல."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவனுக்கு வந்தது இரண்டுமில்லை, ஆனால் தெரிந்துவிட்டது. நீட்டிய தண்ணீர் பாட்டிலை அந்த மடிப்புப் பெண் ஏன் வாங்கவில்லை என்பதும், தான் அப்போது பேசிய பேச்சும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

டிரம்காரர் உள்ளே போய், டிரம் கதவை நெம்பும் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். "நான் ஒடைச்சா வேலை போயிடும். நீங்க ஒடைச்சா அக்கா இருக்காங்க."

மச்சான் சார் வாழ்க்கையில் அவ்வளவு உழைத்ததில்லை. முதல் அடி கதவில் விழுந்தது. இரண்டாவது சுவரில். மூன்றாவது அடிக்குப் பூட்டு கொண்டியோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. அவன் உள்ளே பாய்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஈனக்குரல் வந்தது. "குழாயில தண்ணி வரல."

"எப்பவும் வராது சார்" என்று வெளியிலிருந்து பல குரல்கள் சொல்லின.

ஒரு வாளித் தண்ணீர் கைமாறிக் கைமாறி வந்து கதவருகே வைக்கப்பட்டது. துணிக்குக் கடைசி அலசலில் சேர்க்கும் வாசனைத் தண்ணீர் அது. வேறு எதுவும் அந்த நேரத்துக்குக் கையில் அகப்படவில்லை. மச்சான் சார் வெளியே வந்தபோது ஓட்டல் துண்டு மாதிரி மணத்தான். யாரோ ஒருத்தி மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தாள். அவ்வளவுதான், கூடமே வெடித்துச் சிரித்தது. ரோலரம்மா ரோலரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போய், சூடு பட்டு, அதற்கும் சிரித்தாள். டிரம்காரருக்கு ஏப்பமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவனும் சிரித்தான். வகுப்பில் சொல்லிக்கொடுத்த குடும்ப உணர்வு எதுவென்று தெரியாது. ஆனால் அவமானப்படும்போது கூடவே நின்று சிரிக்க ஆள் இருப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

அன்றே தச்சரை வரவழைத்து உள்தாழ்ப்பாள் போட்டான். குழாய்க்காரரைப் பிடித்துத் தண்ணீர் வரவைத்தான். மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்க் குடுவை ஒன்றை வைத்தான். மயங்கி விழுந்த பெண்ணிடம் போய் நின்றான்.

"அன்னைக்கு நான் பேசினது... முட்டாத்தனம்மா."

"பரவால்ல சார்" என்றாள் அவள், மடிப்பதை நிறுத்தாமல். "நான் எங்க காதுல வாங்கினேன்?"

சாயங்காலம் கல்யாணத்திலிருந்து வந்த அத்தான், உடைந்த பூட்டைப் பார்த்துவிட்டு ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"யாரைக் கேட்டு ஒடைச்ச?"

"வயித்தைக் கேட்டு அத்தான்."

"நாளைக்கே புதுப் பூட்டு போடுறேன். உனக்கு வேணா தனியா ஒரு சாவி தர்றேன்."

அவன் வழக்கமாகத் தலையாட்டும் இடம் இது. ஏனோ அன்று தலை ஆடவில்லை. "எனக்கு வேணாம். பூட்டு போட்டீங்கன்னா நான் நாளையிலேருந்து வீட்டு மாடி ரூம்லயே படுத்துக்குறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க" என்றான். வேலையை விட்டுப்போவேன் என்று மிரட்டுவதற்கு அவன் அளவுக்குத் தகுதி உள்ளவன் யார்? வேலை இல்லாமல் இருப்பதில் அவனுக்கு ஆண்டுக்கணக்கில் அனுபவம் இருந்தது.

அக்காவிடம் விஷயம் அவன் மூலமாகவே போனது. சிரித்துச் சிரித்துக் கேட்டவள், பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள். மறுநாள் காலை அத்தான் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு போனபோது, வீட்டிலிருந்த இரண்டு கழிவறைகளும் பூட்டியிருந்தன. அக்கா சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"சாவி எங்க?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? என்ன கேள்வி இது?"

"சின்ன வேலையா, பெரிய வேலையா? எவ்வளவு நேரம் ஆகும்? நேத்து ராத்திரிதானே போனீங்க?"

"விளையாடாதடி."

"நானா? நான் நிர்வாகம் பண்றேன்" என்றாள் அக்கா, முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

மாடிப்படியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த மச்சான், வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான். முட்டை தட்டுக்கு வரும்வரை அக்கா சாவியைக் கொடுக்கவில்லை. கூடத்தில் புதுப் பூட்டைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

அந்த மாதம் துணி மாறிப்போகவில்லை. லீவு எடுப்பது குறைந்தது. மதியத்துக்குமேல் மடிப்பு மேசையில் கைகள் தளர்வதும் குறைந்தது. எல்லாம் பயிற்சியின் பலன் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, மச்சானை அடுத்த கட்ட வகுப்புக்கும் அனுப்பினார். அவன் போனான். கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டு வந்தான்.

கைதட்டல் நின்றுபோனது. அதற்குப் பதில் காலையில் ஒரு சுற்று நடந்து, "என்ன ஒடைஞ்சிருக்கு? என்ன வேணும்?" என்று கேட்பான். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ரோலர் அறைக்கு மின்விசிறி கேட்டதற்கு அத்தான் எங்கிருந்தோ ஒரு பழையதைக் கொண்டுவந்தார். அது போட்ட சத்தத்தில், "இதுக்கு வேர்வையே மேல், அது பேசாமயாவது ஊத்தும்" என்றாள் ரோலரம்மா. புதிதாக ஒன்று வாங்க அவன் நச்சரித்தே காலம் போனது. சம்பள உயர்வு கேட்டபோது பாதிதான் நடந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் சண்டை நடக்கிறது. உட்கார்ந்து ஈர விரிப்பைக் கொடுக்க ரோலருக்கு முன்னால் ஒரு உயர முக்காலி போட்டது மட்டும் கேட்டவுடன் நடந்தது, ஏனென்றால் அதை அவன் அக்கா வீட்டிலிருந்தே தூக்கிவந்துவிட்டான்.

அவன் ஒன்றும் மகான் ஆகிவிடவில்லை. சூடான துண்டுக் குவியலுக்குப் பின்னால் அவனுடைய இடம் அப்படியே இருக்கிறது. அவன் தூங்கும்போது வேலை இன்னும் நன்றாக நடக்கிறது என்று டிரம்காரர் அபிப்பிராயப்படுகிறார். முதலாளி வந்தால் டிரம்மை இரண்டு தட்டு தட்டி எழுப்பிவிடுவதும் அவர்தான்.

மயங்கி விழுந்த அந்தப் பெண், அடுத்த வருஷம் ஓட்டலிலேயே நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டாள். "பாத்தியா, ஊக்கம் குடுத்த, பறந்துட்டா" என்றார் அத்தான். மச்சான் சாருக்கும் முதலில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை, சலவையிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து ஏற்றுக்கொள்வது. கொஞ்சம் நெளிந்த மடிப்பு ஒன்றையும் அவள் விடுவதில்லை. வாரம் தவறாமல் போன் வரும்.

"மச்சான் சார், இதுக்குப் பேரு இஸ்திரியா? மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு. அம்பது விரிப்பும் திருப்பி அனுப்புறேன்."

"அம்மா, நீ இங்க இருந்த பொண்ணும்மா. கொஞ்சம் பாத்துப் பண்ணு."

"அதனாலதான் சார் சொல்றேன். எனக்குத் தெரியாதா, யாரு எங்க தூங்குறாங்கன்னு?"

அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, ரோலரம்மா கேட்கட்டும் என்று திட்டு முழுவதையும் ஸ்பீக்கரில் கூடத்துக்கே போட்டுக் காட்டுவான்.